எதற்குப் பதில் சொல்லிப் பழகியவர்: எரிசக்தி ஆய்வில் இறங்கும் இளைஞருக்கு ஒரு கடிதம்

சேத்தியாத்தோப்பிலிருந்து எரிசக்தி ஆய்வுப் பணிக்குப் புறப்படும் இளைஞருக்கு,

எரிசக்தி, அரசியல், முதலீடு ஆகிய மூன்றும் ஒன்றை விட்டு ஒன்று பிரியாத துறைகள். ஒரு மின் நிலையம் எழ வேண்டுமானால் எரிபொருளை அறிந்தவரும், நிலத்தையும் அனுமதியையும் தரும் அதிகாரம் உடையவரும், பணம் போடுபவரும் ஒரே மேசைக்கு வந்தாக வேண்டும். அந்த மேசையில் பேசுகிற எல்லோரும் வல்லுநர் என்ற பெயரோடுதான் வருகிறார்கள். வல்லுநர் என்ற சொல்லோ ஒருவர் நிறைய அறிந்தவர் என்பதை மட்டும் சொல்லி நின்றுவிடுகிறது; அவர் எந்தத் தொழிலில் வளர்ந்தவர், அந்தத் தொழில் அவருடைய கண்ணை எதன்மேல் நிறுத்தப் பழக்கியது, எதைப் பார்க்காமல் கடந்துபோகப் பழக்கியது என்பவற்றைச் சொல்வதில்லை. படித்த பட்டத்தையும் வகித்த பதவியையும் கேட்டறிவது எளிது. அதற்கும் அடியில் இருக்கும் கேள்வி, அவர் இதுவரை எந்தத் தவற்றுக்கு, யாரிடம், எவ்வளவு காலத்துக்குள் பதில் சொல்லிப் பழகியவர் என்பதாகும். பொறியாளரின் தவறு இயந்திரம் நிற்கும்போது அன்றைக்கே வெளிப்படுகிறது. பங்கு முதலீட்டாளரின் தவறு மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரும் கணக்கில் தெரிகிறது. அரசியல்வாதியின் தவறு தேர்தல் வரை காத்திருக்கிறது. வழக்கறிஞரின் தவறு தீர்ப்பு நாளில் வெளியாகிறது. இந்தக் காலக்கெடு ஒருவரின் பார்வையை அவர் அறியாமலே வடிவமைத்துவிடுகிறது என்பதே இக்கடிதம் இளம் ஆய்வாளரிடம் சொல்ல வந்த செய்தி.

சேத்தியாத்தோப்பில் வளர்ந்தவர் இந்த வாசிப்பைக் கற்கத் தில்லிக்கோ மும்பைக்கோ போகத் தேவையில்லை. விக்கிரவாண்டியிலிருந்து கும்பகோணம் செல்லும் நெடுஞ்சாலையில் வடலூரைத் தாண்டி வரும் பேருந்தில் ஜன்னலோரம் அமர்பவருக்கு நெய்வேலிச் சுரங்கங்களின் மேல்மண் கொட்டப்பட்ட குன்றுகள் தெரியும். சற்று நேரத்தில் நெல்வயல்கள் தொடங்கி, வெள்ளாற்றின் குறுக்கே நிற்கும் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டு வந்துவிடும். வீராணம் ஏரியின் நீர் 2004 முதல் இவ்வூரிலிருந்தே இறைக்கப்பட்டு, வடக்குத்து நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, சென்னைக்குக் குழாயில் செல்கிறது. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை ஒன்றும் இங்கே உண்டு. கிழக்கே கடற்கரையோரம் பரங்கிப்பேட்டையில் 1,200 மெகாவாட் தனியார் அனல்மின் நிலையமும், வடகிழக்கே கடலூரில் கட்டி முடிக்கப்படாமலே கலைப்பு நடவடிக்கைக்குப் போன நாகார்ஜுனா எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இருக்கின்றன. நீர், நெல், கரும்பு, பழுப்பு நிலக்கரி, இறக்குமதி நிலக்கரி, கச்சா எண்ணெய், கடன் ஆகிய ஏழும் ஒரே மாவட்டத்துக்குள் இவ்வளவு நெருக்கமாக அமைந்த இடங்கள் அதிகம் இல்லை.

ஊரின் பெயரே ஓர் ஏலப் பட்டியலில் ஏறி இறங்கிய வரலாறும் இருக்கிறது. 2023 மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏல அறிவிப்பில் வடசேரி, மைக்கேல்பட்டி ஆகியவற்றோடு 'சேத்தியாத்தோப்பு கிழக்கு' என்ற பழுப்பு நிலக்கரித் தொகுதியும் இடம்பெற்றிருந்தது. தொகுதி என்பது நிலத்தடியில் இன்ன அளவு எரிபொருள் உண்டு என்று ஆய்ந்து எல்லை வகுத்து, தோண்டும் உரிமையை ஏலத்தில் விடுவதற்காகப் பிரிக்கப்பட்ட பரப்பு. மேலே என்ன விளைகிறது என்பதை அந்த எல்லைக்கோடு காட்டாது. காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக அறிவித்த 2020ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டத்தில் கடலூர் மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில், மேல்புவனகிரி, கீரப்பாளையம், பரங்கிப்பேட்டை, குமராட்சி ஒன்றியங்களும் அடங்கியிருந்தன. 2023 ஏப்ரல் 4ஆம் நாள் அன்றைய முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அத்தொகுதிகளை நீக்கக் கோரிப் பிரதமருக்கு எழுதினார். ஏப்ரல் 8ஆம் நாள் மூன்று தொகுதிகளையும் ஏலத்திலிருந்து நீக்குவதாக அன்றைய ஒன்றிய நிலக்கரி அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். நில இயலாளர்கள் ஆண்டுக்கணக்கில் துளையிட்டுச் சேர்த்த அறிவு ஒரு பட்டியலாக வந்து, சில நாட்களில் அரசியலால் திரும்பிப் போயிற்று. இதில் நில இயலாளர் தவறு செய்யவில்லை. கீழே என்ன இருக்கிறது என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே அவர் அமர்த்தப்பட்டார், அதற்குச் சரியாகவே பதில் சொன்னார். அந்தப் பதிலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஏலம் அறிவிக்கலாம் என்று முடிவு செய்த இடத்தில்தான் வேறு தொழிலின் கண் ஒன்று இல்லாமல் போயிருக்கிறது.

பொறியாளரின் அறிவு எத்தகையது என்பதற்கு நெய்வேலியைவிட நல்ல பாடம் தமிழ்நாட்டில் இல்லை. ஆகவே இங்கே சற்று நின்று பார்ப்பது தகும். 1930களில் நிலக்கிழாரான ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது வெளிப்பட்ட கரி போன்ற பொருள்தான் கதையின் தொடக்கம். 1956 நவம்பரில் நெய்வேலி பழுப்பு நிலக்கரிக் கழகம் நிறுவப்பட்டது; 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார்; 1961இல் கரி வெட்டவெளிக்கு வந்தது; 1962இல் மின்சாரம் பிறந்தது. மின் நிலையத்துக்குச் சோவியத் ஒன்றியம் உதவியது. சுரங்கத்துக்கு ஜெர்மனியின் சக்கர வாளி அகழ்பொறிகள் வந்தன. பெரிய சக்கரம் ஒன்றின் விளிம்பில் பல்வரிசையுடன் கூடிய வாளிகளைக் கோத்து, சுழலச் சுழல மண்ணைச் சுரண்டி வார்பட்டையில் கொட்டும் இயந்திரம் அது. ஜெர்மனியின் மென்மையான மேல்மண்ணில் வெண்ணெய் வெட்டுவதுபோல் ஓடிய அந்த வாளிகளின் பற்கள் நெய்வேலியில் கடலூர் மணற்கல் என்று பெயர் பெற்ற பாறையில் மோதித் தேய்ந்தன. கரியின் மேல் கிடந்த அந்த மணற்கல் கடினமானது, உராய்ந்து தின்பது. வெடி வைத்துப் பாறையைத் தளர்த்திய பிறகே வாளியை விடுவது, பற்களின் வடிவத்தையும் உலோகத்தையும் மாற்றுவது என்று இங்கிருந்த பொறியாளர்களும் தொழிலாளர்களும் அந்த இயந்திரத்தை இந்த மண்ணுக்குப் பழக்கினார்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் கரிக்குக் கீழே இருந்தது. பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் அழுத்தத்துடன் அடைபட்ட நிலத்தடி நீர்ப்படுகை ஒன்று உண்டு. அதன் மேல்நோக்கிய அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை இருந்தது. மேல்மண்ணின் பாரம் நீங்கியதும் அந்த நீர் சுரங்கத் தரையையே பிளந்து பீறிடும் என்பதால், சுற்றிலும் குழாய்க்கிணறுகள் இட்டு இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைக் குறைத்த பிறகே கரி வெட்ட முடிந்தது. சுரங்கப் பொறியாளருக்கு இது அழுத்தக் கட்டுப்பாடு. இயந்திரமும் ஆளும் நீரில் மூழ்காமல் காக்கிற வேலை. அதில் தவறினால் அன்றே உயிர் போகும். சுற்றுவட்டார உழவருக்கோ அதே செயல் ஆழ்துளைக் கிணற்றின் நீர்மட்டம் பற்றிய கவலை. அதே இறைப்பு நீரின் ஒரு பகுதி பரவனாற்றின் வழியே வாலாஜா ஏரிக்கும் பெருமாள் ஏரிக்கும் சென்று பாசனத்துக்குப் பயன்பட்டதும் உண்மை. ஒரே நீர் ஒருவருக்குப் பகையாகவும் இன்னொருவருக்கு இழப்பாகவும் மூன்றாமவருக்கு வரவாகவும் இருக்கிறது. மூவரும் பொய் சொல்லவில்லை. ஆய்வறிக்கையில் இந்த மூன்று வாக்கியங்களையும் அடுத்தடுத்து எழுதும் துணிவு வர வேண்டுமானால், ஆய்வாளர் குழாய்க்கிணற்று மோட்டாரின் அருகிலும், வாலாஜா ஏரிக்கரையிலும், நீர் வற்றிய கிணற்றடியிலும் நின்றிருக்க வேண்டும்.

வெட்டிய பழுப்பு நிலக்கரிக் கட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பார்ப்பது எந்தப் பாடநூலையும்விட நன்று. அது கறுப்பாக இராது, மரப்பட்டையின் பழுப்பாக இருக்கும். உடைத்தால் சில கட்டிகளில் மரத்தின் நார் இன்னும் கண்ணுக்குத் தெரியும். எடையில் ஏறத்தாழப் பாதி ஈரம். வெயிலில் வைத்தால் உலர்ந்து வெடித்துச் சிதறும். குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும் இயல்பும் உண்டு. இதனால் அதைத் தொலைவுக்கு ஏற்றிச் செல்வது கட்டுப்படியாகாது, சுரங்கத்தின் வாயிலிலேயே எரித்தாக வேண்டும். எனவே மின் நிலையம் நெய்வேலியில்தான் நிற்க முடியும், சுரங்கம் தொடரத் தொடர நிலம் எடுப்பும் பக்கத்து ஊர்களை நோக்கித்தான் நகர முடியும். வளையமாதேவியின் சச்சரவு வரை அந்தக் கட்டியின் ஈரத்திலிருந்தே கோடு போட்டு வரலாம். அரசியல் செய்தியாக மட்டும் படிப்பவர் இந்தக் கோட்டைத் தவற விடுகிறார்.

அந்தச் சச்சரவு 2023 ஜூலை 26ஆம் நாள் நடந்தது. பரவனாற்றைத் திருப்பி விடும் கால்வாயின் எஞ்சிய பகுதியை வெட்டுவதற்காக மேல் வளையமாதேவியில் பச்சை நெற்பயிர் நின்ற வயல்களில் காவல்துறைப் பாதுகாப்புடன் பொக்லைன்கள் இறக்கப்பட்டன. சுரங்கப் பொறியாளரின் கணக்கில் வடகிழக்குப் பருவமழைக்கு முன் கால்வாய் முடியாவிட்டால் வெள்ளம் சுரங்கத்துக்குள் புகும். அவருடைய கெடு அக்டோபர். நிறுவனத்தின் சட்டப் பிரிவினர் கணக்கில் நிலம் பத்தாண்டுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டு உரிமை மாறிவிட்டது. அவர்களுக்குக் கெடு எப்போதோ முடிந்துபோனது. உழவரின் கணக்கில் கெடு அறுவடை, அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அரசியல் கட்சிகளுக்கு அடுத்த ஆண்டு மக்களவைத் தேர்தல் வர இருந்தது. ஜூலை 28ஆம் நாள் நெய்வேலியில் நடந்த போராட்டம் வன்முறையில் முடிந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றபோது, அறுவடை வரை காத்திருக்கக் கூடாதா என்று நீதிபதி வேதனையோடு கேட்டார். சேதமான பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு தரப்பட வேண்டும் என்று உத்தரவாயிற்று. நீதிபதியின் கேள்வியில் புதிய தொழில்நுட்பமோ புதிய சட்டமோ இல்லை. நான்கு கெடுக்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் கேட்கக்கூடிய எளிய கேள்வி அது. மேசையில் முன்பே உழவுத் தொழில் அறிந்த ஒருவர் இருந்திருந்தால் நீதிமன்றம் வரை போகாமல் விதைப்புக்கு முன்பே கேட்கப்பட்டிருக்கும்.

அரசியல்வாதிகளின் தொழிற்பின்னணியை இளம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறார்கள். அரசியலே தொழில் என்று எண்ணிக்கொள்கிறார்கள். இது பெருந்தவறு. காமராசர் ஆட்சியில் 1957 முதல் தொழில்துறையைப் பார்த்த ஆர். வெங்கட்ராமன் தொழிலாளர் வழக்குகளில் பயின்ற வழக்கறிஞர். தொழிலாளர் சட்டத்துக்கென்றே ஓர் இதழை 1949இல் தொடங்கியவர். இரு தரப்பும் கையெழுத்திடக்கூடிய வாசகத்தைத் தேடும் பயிற்சி அந்தத் தொழிலில் இருந்தே வருகிறது. மோகன் குமாரமங்கலமும் வழக்கறிஞர், சென்னை மாநிலத்தின் தலைமை வழக்கறிஞராக இருந்தவர், நெடுங்காலம் பொதுவுடைமை இயக்கத்தில் வளர்ந்தவர். ஒன்றிய அமைச்சராக 1972இலும் 1973இலும் நிலக்கரிச் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கியபோது அவருடைய கொள்கை இயக்கத்திலிருந்தும், அதைச் செயலாக்கிய சட்டத்தின் இறுக்கம் நீதிமன்றத்திலிருந்தும் வந்தன என்று கொள்வது பொருத்தம். காமராசருக்கு உயர்கல்வி இல்லை. ஊர் ஊராக நடந்து கட்சி வளர்த்தவர் அவர். எந்த ஊருக்கு எது முதலில் வேண்டும் என்ற வரிசையை அறியும் அறிவு அந்த நடையில் கிடைத்தது. இந்த அறிவைச் சான்றிதழ் இல்லை என்பதற்காகக் குறைத்து மதிப்பிடும் ஆய்வாளர், திட்டங்கள் ஏன் சில ஊர்களில் நிலைத்தன, சில ஊர்களில் நிலைக்கவில்லை என்பதை ஒருபோதும் விளக்க மாட்டார்.

அரசியலும் முதலீடும் நெய்வேலியின் பங்குகளில் நேருக்கு நேர் சந்தித்தன. பங்கு விலக்கல் என்பது அரசு தன்னிடம் உள்ள நிறுவனப் பங்குகளின் ஒரு பகுதியைச் சந்தையில் விற்பது. 2006இல் நெய்வேலிக் கழகத்தின் 10 விழுக்காட்டை விற்க ஒன்றிய அரசு முனைந்தபோது தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள்; கூட்டணியில் இருந்த தி.மு.க. எதிர்த்தது, பிரதமர் மன்மோகன் சிங் பங்கு விலக்கல் முடிவுகள் அனைத்தையுமே நிறுத்தி வைத்தார். 2013இல் அதே கேள்வி வேறு உருவில் வந்தது. பொதுத்துறை நிறுவனங்களில் குறைந்தது 10 விழுக்காடு பங்கு பொதுமக்கள் வசம் இருக்க வேண்டும் என்பது பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபியின் அன்றைய விதி. ஒன்றிய அரசிடமோ 93.56 விழுக்காடு இருந்தது, ஆகவே 3.56 விழுக்காட்டை விற்றாக வேண்டும். தனியாருக்கு விற்கக் கூடாது என்று எதிர்த்த முதலமைச்சர் ஜெயலலிதா, அந்தப் பங்கைத் தமிழ்நாடு அரசின் நிறுவனங்களே வாங்கும் என்று முன்மொழிந்தார்; செபியின் விதிக்குள் அதற்கு இடம் காணப்பட்டு, மாநில அரசின் ஐந்து நிறுவனங்கள் சுமார் 358 கோடி ரூபாய்க்கு அவற்றை வாங்கின. 2006இல் அரசியல் எண்ணிக்கையால் அடைக்கப்பட்ட கதவு 2013இல் கணக்காளரும் சட்ட வரைவாளரும் சேர்ந்து கண்ட வாசகத்தால் திறந்தது. பொது என்ற சொல்லுக்குள் மாநில அரசின் நிறுவனமும் அடங்குமா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருந்ததனால்தான் போராட்டத்துக்கும் விதிக்கும் ஒருசேர விடை கிடைத்தது.

முதலீட்டாளர் என்ற சொல்லும் ஒரே வகையினரைக் குறிப்பதில்லை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் நிற்கும் காற்றாலைகளில் பலவற்றின் உரிமையாளர்கள் கொங்கு நாட்டு நூற்பாலைக்காரர்கள். காற்றைப் பற்றிய ஆர்வத்தைவிட நூற்புக் கதிர்கள் நிற்காமல் சுழல வேண்டும் என்ற தேவையும் வருமான வரிச் சலுகையும் அவர்களை அங்கே கொண்டுவந்தன. விரைவுத் தேய்மானம் என்ற அந்தச் சலுகையின்படி இயந்திரத்தின் விலையில் 80 விழுக்காடு வரை முதல் ஆண்டிலேயே தேய்ந்துவிட்டதாகக் கணக்கில் எழுதி, அந்த அளவுக்கு வரிக்குரிய வருமானத்தைக் குறைத்துக்கொள்ள அப்போது முடிந்தது. நிதியாண்டின் பிற்பாதியில் இயக்கத்துக்கு வந்தால் சலுகை பாதிதான் என்பதால், செப்டம்பர் 30, மார்ச் 31 ஆகிய நாட்களுக்கு முன் காற்றாலைகளை நிறுவி இயக்கிவிடும் அவசரம் இருந்தது. 2012இல் சலுகை விலக்கப்பட்டதும் புதிய காற்றாலைகள் குறைந்தன. 2014இல் அது திரும்பி வந்தது. காற்று வீசும் பருவத்தைப் பொறியாளர் அறிவார். காற்றாலை முளைக்கும் பருவத்தைத் தணிக்கையாளர் அறிவார். கோயம்புத்தூரில் ஒரு தணிக்கையாளரின் அலுவலகத்தில் ஒரு வாரம் இருந்தால் புதுப்பிக்கத்தக்க எரிசக்தியின் வளர்ச்சி வரைபடத்தில் உள்ள பாதி மேடுபள்ளங்களுக்கு விளக்கம் கிடைத்துவிடும்.

பிறர் பணத்தை முதலீடு செய்பவரின் நிலை இதிலிருந்து வேறுபட்டது. அதைப் பரங்கிப்பேட்டை காட்டுகிறது. அங்குள்ள 1,200 மெகாவாட் நிலையத்தை எழுப்பியது ஐஎல் அண்டு எஃப்எஸ் என்ற நிதிக் குழுமத்தின் துணை நிறுவனம். அக்குழுமம் 1987இல் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் சேர்ந்து உருவாக்கியது. ஆயுள் காப்பீட்டுக் கழகமான எல்ஐசி அதன் பெரும் பங்குதாரர். நிலையத்தின் திறனில் 540 மெகாவாட்டுக்கு மட்டுமே தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகத்துடன் நீண்டகால மின் கொள்முதல் ஒப்பந்தம் இருந்தது. மின் கொள்முதல் ஒப்பந்தம் என்பது வாங்குபவர் இரண்டு வகைப் பணம் தர ஒப்புக்கொள்வது: நிலையம் தயாராக நிற்பதற்கு நிலைக் கட்டணம், உண்மையில் எரித்த எரிபொருளுக்கு மாறும் கட்டணம். ஒப்பந்தம் இல்லாத மெகாவாட்டுகளுக்கு நிலைக் கட்டணம் கிடையாது, ஆனால் அவற்றைக் கட்ட வாங்கிய கடனுக்கு வட்டி உண்டு. கொதிகலனும் சுழலியும் குறையின்றி ஓடும் நிலையம்கூடக் கணக்கில் மூழ்கலாம் என்பது இந்த ஒரு வரியில் அடங்கியிருக்கிறது. 2018 ஆகஸ்ட் வரை உயர்ந்த கடன் தகுதிக் குறியீட்டோடு இருந்த தாய்க் குழுமம் செப்டம்பரில் கடனைத் திருப்பித் தர முடியாத நிலைக்கு இறங்கியது. அதன் மொத்தக் கடன் சுமார் 91,000 கோடி ரூபாய். கடன் தகுதிக் குறியீடு என்பது ஒரு நிறுவனம் கடனை அடைக்கும் வாய்ப்பை அளந்து தரும் எழுத்து. அதைத் தருபவருக்குக் கட்டணம் செலுத்துவது அளக்கப்படும் நிறுவனமே. குறியீட்டைப் படிக்கும் ஆய்வாளர் இந்த ஒரு செய்தியை எந்நாளும் மறக்கலாகாது.

2018 அக்டோபர் 1ஆம் நாள் அரசு அக்குழுமத்தின் பழைய இயக்குநர் குழுவை நீக்கி அறுவர் கொண்ட புதிய குழுவை அமைத்தது. அந்தப் பெயர்களைத் தொழிற்பின்னணியோடு படிப்பது நல்ல பயிற்சி. தலைவர் உதய் கோடக் வங்கியாளர். ஜி.என். பாஜ்பாய் எல்ஐசியின் தலைவராகவும் பிறகு செபியின் தலைவராகவும் இருந்தவர். ஜி.சி. சதுர்வேதி பெட்ரோலியத் துறைச் செயலாளராக இருந்த ஆட்சிப்பணி அதிகாரி, பின்னர் தனியார் வங்கி ஒன்றின் தலைவர். வினீத் நய்யார் ஆட்சிப்பணியிலிருந்து இயற்கை எரிவாயுப் பொதுத்துறை நிறுவனத்தின் தலைமைக்கும், அங்கிருந்து தகவல் தொழில்நுட்ப நிறுவனத் தலைமைக்கும் போனவர். மாலினி சங்கர் கப்பல் துறையை மேற்பார்த்த ஆட்சிப்பணி அதிகாரி. நந்த் கிஷோர் அரசுத் தணிக்கைப் பணியில் வளர்ந்தவர். சுழலிக் கூடத்தில் வளர்ந்த மின் பொறியாளர் ஒருவரும் இவர்களில் இல்லை. அன்றைய நோய் கடன் என்பதால் வங்கி, ஒழுங்குமுறை, தணிக்கை, ஆட்சி ஆகிய பழக்கங்களே தேடப்பட்டன. அரசு எதை நோய் என்று கருதியது என்பதை அறிக்கையைப் படிக்காமலே இந்த ஆறு பெயர்களிலிருந்து கண்டுகொள்ளலாம். எந்தக் குழு அமைக்கப்பட்டாலும் ஆய்வாளர் முதலில் செய்ய வேண்டியது, இவ்வாறு பெயருக்கு எதிரே பழைய தொழிலை எழுதிவைத்து, எந்தத் தொழில் விடுபட்டிருக்கிறது என்று பார்ப்பதே.

எல்ஐசியின் பணம் அரசியலோடு கலந்த பழைய நிகழ்வு ஒன்றும் நினைவில் நிற்க வேண்டியது. 1957இல், நிறுவப்பட்டு ஓராண்டுகூட நிறையாத எல்ஐசி, முந்த்ரா என்ற வணிகரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்குகள் வாங்கியது. அதற்கென அமைந்திருந்த முதலீட்டுக் குழுவைக் கலந்துகொள்ளாமலே வாங்கியது. பெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கேள்வி எழுப்ப, நீதிபதி எம்.சி. சாக்ளா பொதுமக்கள் முன்னிலையில் விசாரிக்க, நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அவர் அரசியலுக்கு வருமுன் வணிகத்தில் தேர்ந்தவர். சந்தை அறிவு குறைந்ததால் விளைந்த தவறு அன்று அது. அறிந்தவர்கள் பலர் இருந்தும், கேள்வி கேட்க வேண்டிய குழுவை யாரும் கூட்டவில்லை.

தொழிற்பின்னணியைச் சட்டமே வாசகமாக எழுதிவைத்த இடம் ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 77ஆம் பிரிவு, மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தில் மின் உற்பத்தியிலோ செலுத்துதலிலோ பகிர்மானத்திலோ தேர்ந்த பொறியாளர் ஒருவர், நிதித் துறையினர் ஒருவர், பொருளாதாரம், வணிகம், சட்டம், மேலாண்மை ஆகியவற்றிலிருந்து இருவர் என்று வகுக்கிறது. மாநில ஆணையங்களுக்கான 84ஆம் பிரிவு இத்துறைகளைப் பொதுப்படச் சொல்லி விட்டுவிடுகிறது. 2018 ஏப்ரல் 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம், மாநில ஆணையங்களில் சட்டத்துறையிலிருந்து ஓர் உறுப்பினராவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஆணையம் கணக்குப் போடுவதோடு வழக்கும் தீர்க்கிறது என்பதே காரணம். தமிழ்நாட்டில் 2022இல் மின் கட்டணத் திருத்தம் விசாரணையில் இருந்தபோது, சட்ட உறுப்பினர் பணியிடம் காலியாக இருந்ததே உயர் நீதிமன்றத்தில் வழக்காயிற்று. வீட்டு மின்கட்டண அட்டையில் ஏறும் எண்ணுக்கும், ஒரு நாற்காலியில் யார் அமர்ந்திருக்கிறார் என்பதற்கும் உள்ள தொடர்பு இவ்வளவு நேரடியானது. அதே சட்டத்தின் 89ஆம் பிரிவு, பதவிக்காலம் முடிந்த உறுப்பினர் இரண்டாண்டுகள் வணிக நிறுவனப் பணி எதையும் ஏற்கலாகாது என்கிறது. மேசையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாறுவது இயல்புதான், ஆனால் இடையில் அறைக்கு வெளியே சிறிது காலம் நிற்க வேண்டும் என்பதே இந்த இடைவெளிக் காலத்தின் பொருள்.

இவ்வளவையும் படித்துவிட்டு, மூன்று துறையையும் ஒருசேரக் கற்றுக்கொண்டு வெளியே வரலாம் என்று இளம் ஆய்வாளர் எண்ணினால் அது தவறான வழி. முதல் ஐந்தாண்டுகள் ஏதேனும் ஒரு தொழிலில் மட்டும், தவறினால் பெயர் கெடும் இடத்தில் வேலை பார்ப்பது நன்று: துணைமின் நிலையத்தின் பதிவேட்டில் கையெழுத்திடும் உதவிப் பொறியாளராகவோ, மின் நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்யும் இளநிலை ஊழியராகவோ, ஆணையத்தின் முன் மனு எழுதும் வழக்கறிஞரின் உதவியாளராகவோ இருக்கலாம். அறிவுரை சொல்லி மட்டுமே வளர்ந்தவரின் எழுத்தில் ஒரு வழவழப்பு ஏறிவிடுகிறது; தாம் சொன்னது நடந்ததா என்று திரும்பிப் பார்க்கும் கட்டாயம் அவருக்கு வந்ததே இல்லை. ஒரு தொழிலில் வேர் பிடித்த பிறகு மற்ற இரண்டுக்குள்ளும் விருந்தாளியாகப் போகலாம்; அங்கே கேள்வி கேட்பதில் வெட்கம் கூடாது. சிதம்பரத்தில் 1929இல் நிறுவப்பட்ட அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பொறியியலையும் நில இயலையும் வேளாண்மையையும் ஒரே வளாகத்தில் வைத்திருக்கிறது. இம்மாவட்டத்து மாணவருக்கு அது கிடைத்தற்கரிய வாய்ப்பு; ஆனால் ஒரு துறையின் மாணவர் அடுத்த துறையின் வகுப்பில் போய் உட்கார்ந்தால்தான் பயன் உண்டு.

கட்டணத் திருத்தத்துக்கான பொதுக் கருத்துக் கேட்புக் கூட்டங்களுக்குப் போவதும் பயிற்சியின் ஒரு பகுதி. 2022 ஆகஸ்டில் கோயம்புத்தூர், மதுரை, சென்னை ஆகிய நகரங்களில் நடந்தவை போன்ற அக்கூட்டங்களில் எவரும் எழுந்து பேசலாம். காலை முதல் மாலை வரை இருந்து, பேசுபவர் ஒவ்வொருவரும் முதல் வாக்கியத்தில் எதைச் சொல்கிறார் என்று குறித்துக்கொள்வது போதும். விசைத்தறிக்காரர் யூனிட் விலையில் தொடங்குவார். ஓய்வு பெற்ற மின் பொறியாளர் கம்பி இழப்பில் தொடங்குவார். வழக்கறிஞர் பிரிவு எண்ணில் தொடங்குவார். உழவர் சங்கத்தவர் மின்சாரம் எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனை மணிக்குப் போகிறது என்று தொடங்குவார்.

கடைசியாக, ஆய்வாளருக்கும் ஒரு பின்னணி உண்டு. பங்குச் சந்தைக்கான ஆய்வறிக்கை எழுதுபவர் தமக்கு அந்த நிறுவனத்தில் உள்ள நிதித் தொடர்பை வெளியிட வேண்டும் என்று செபியின் 2014ஆம் ஆண்டு விதிகள் கட்டாயப்படுத்துகின்றன. பங்கு, ஊதியம் போன்ற நிதித் தொடர்புகளையே விதி முதன்மையாகக் கேட்கிறது. நிலத்தை, கிணற்றை, உறவினரின் வேலையை அது பெயர் சொல்லிக் கேட்பதில்லை. சேத்தியாத்தோப்புக்காரருக்கு நெய்வேலியில் நிரந்தரப் பணியில் ஒரு மாமாவும், அதே நிறுவனத்தில் ஒப்பந்தத் தொழிலாளியாக ஓர் அண்ணனும், எடுப்பு அறிவிக்கப்பட்ட ஊரில் ஒரு சித்தியும் இருப்பது அரிய செய்தி இல்லை. இதை மறைத்து எழுதினால் அறிக்கை நடுநிலையாகத் தோன்றும், உண்மையில் ஆகாது. 'சேத்தியாத்தோப்பு கிழக்கு' என்ற பெயர் மறுபடியும் ஒரு பட்டியலில் ஏறி, அதைப் பற்றி எழுதும் பணி இவ்வூர் இளைஞரின் மேசைக்கே வருமானால், அறிக்கையின் முதல் வரியில் எழுத்தாளரின் குடும்பத்துக்கு அந்த எல்லைக்குள் எத்தனை ஏக்கர், எந்தக் கிணறு, சுரங்கத்தில் யாருக்கு என்ன வேலை என்பவை இருக்கட்டும். மேல்மண்ணின் ஆழமும், கரியின் ஈரமும், ஒரு யூனிட்டின் விலையும் அதற்கு அடுத்த வரியிலிருந்து தொடங்கட்டும்.